பேட்டரி தீர்ந்த பிறகு டாக்டர் சொன்னது

என் தங்கை கஸ்தூரியைக் கட்டியவனே, அதற்கும் முன்னாலிருந்தே என் கூட்டாளியாக இருந்தவனே, தேவராஜ் மச்சான்,

நான் எழுதப் படிக்கத் தெரியாதவன் என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் மகள் வசந்தா. "அப்பா நினைவு நாளுக்குப் பத்திரிகையில நாலு வரி போடலாம் மாமா, நீங்க சொல்லுங்க" என்றாள். நாலு வரியில் அடங்காதும்மா, நிறையத் தாள் எடுத்து வை என்றேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். இதைச் சொல்லி முடிக்கும்போதும் இவள் சிரிப்பாளா என்று எனக்குத் தெரியாது.

முதலில் ஊர்ச் சேதி. சேலையூரில் நீ ஆடு ஓட்டிக்கொண்டு போன இடமெல்லாம் காலனி ஆகிவிட்டது. நீ கல் உடைத்த குவாரியை மூடிவிட்டார்கள், பள்ளம் முழுக்கத் தண்ணீர். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் என் சைக்கிள் ஸ்டாண்டு இன்னும் இருக்கிறது. இப்போது நிற்பதில் பாதி ஸ்கூட்டர். இன்றைக்கும் நான் டோக்கன் கொடுப்பதில்லை. எந்த வண்டி யாருடையது என்று முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுக்கிறேன். வசந்தா மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை செய்கிறாள்.

இன்னொரு சேதியும் இருக்கிறது. உனக்கு வந்தது இவளுக்கும் வந்திருக்கிறது.

அதே டி.பி., அதே இருமல், அதே சாயங்காலக் காய்ச்சல். சாதாரண மருந்துக்கு அடங்காத கிருமியாம்; இரண்டு வருஷம் மாத்திரை, நடுவில் ஒரு நாள்கூட விடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இவள் என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள்: "நல்லாத்தான கீறேன் மாமா. எடைகூட ஏறிடுச்சு. அந்த மாத்திரையத் தின்னா வாந்தி வருது, மெஷின்ல நிக்க முடியல. இந்த மாசத்தோட விட்டுடலாம்னு கீறேன். ஆறு மாசம் போதும்னு அப்பாவே சொல்லுவாராமே."

அது உன் வார்த்தை இல்லை மச்சான். என் வார்த்தை.

உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்டாண்டில் என்னிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. வாரத்துக்கு ஒருநாள் டாக்டர்கள் பேசுவார்கள். ஓர் அம்மா கேள்வி கேட்பாள், பெரிய டாக்டர் பதில் சொல்வார். சர்க்கரை, ஆஸ்துமா, தோல் நோய் என்று வாரம் ஒன்று. பழைய வைத்தியம் இன்னது, இப்போது புதிதாக வந்திருப்பது இன்னது என்று விளக்குவார்கள். ஒரு தடவை கேட்டால் எனக்கு அப்படியே நின்றுவிடும். அந்த அம்மா குரலிலும் டாக்டர் குரலிலும் மாற்றி மாற்றிச் சொல்வேன். சைக்கிள் எடுக்க வருகிறவர்கள் ரயிலை விட்டுவிட்டுக் கேட்பார்கள். "டாக்டரு, இன்னிக்கு இன்னா வியாதி?" என்று கேட்டுக்கொண்டே வருவாய் நீ.

அப்போது நீ ஏழாவது மாதமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். ஆஸ்பத்திரியில் உனக்குச் சொன்னது பதினெட்டு மாதம். வயிறு எரிகிறது, வரிசையில் நின்றால் குவாரியில் ஒரு நாள் வேலை போகிறது என்று தினமும் புலம்புவாய்.

அந்த வாரம் டாக்டர் உன் வியாதியைப் பற்றிப் பேசினார். பேட்டரி தீரும் நிலை. எப்போதும்போலத் தகரக் கூரைமேல் வெயிலில் காயவைத்துப் போட்டிருந்தேன். "முன்னெல்லாம் ஒன்றரை வருஷம் சாப்பிட்டாங்க. இப்போ வைத்தியம் முன்னேறியிருக்கு. ஆறு மாசம் போதும்" என்றார். அந்த அம்மா "அப்படியா டாக்டர்?" என்றாள். அதோடு குரல் கம்மிக் கம்மி நின்றுபோனது. தட்டிப் பார்த்தேன், உருட்டிப் பார்த்தேன். வரவில்லை.

சாயங்காலம் உன்னிடம் சொன்னேன். கேட்டதை மட்டும் சொன்னேன்; பேட்டரி தீர்ந்ததைச் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை மச்சான், அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. "நெஜமாவா மச்சான்?" என்றாய். "ரேடியோல பெரிய டாக்டர் சொல்றாரு, நான் இன்னா கதையா வுடறேன்?" என்றேன். மறுநாளிலிருந்து நீ ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

இதுவரை சொன்னது அறியாமல் செய்தது. இனிமேல் சொல்லப்போவதுதான் நான் சுமந்துகொண்டிருப்பது.

இரண்டு மாதம் கழித்து அதே பேச்சை மறுபடியும் போட்டார்கள். அன்று புதுப் பேட்டரி. "அப்படியா டாக்டர்?" என்று அந்த அம்மா கேட்டதற்கு அப்புறமும் டாக்டர் பேசினார். "இது புது மாத்திரையை ஆரம்பத்துலேர்ந்து சாப்பிடறவங்களுக்கு மட்டும்தான். பழைய மருந்துல இருக்கிறவங்க ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது. பாதியில விட்டா கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிடும்."

அப்போதே ஸ்டாண்டைப் பக்கத்துப் பூக்காரியிடம் விட்டுவிட்டு சேலையூருக்கு மிதித்தேன். வீட்டில் நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கன்னத்தில் சதை வைத்திருந்தது. வசந்தா உன் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தாள். "அடியே, டாக்டர் வந்துட்டாருடி, தட்டு வை" என்று கஸ்தூரியைக் கூப்பிட்டாய். எதிர்வீட்டுக்காரரிடம், "என் மச்சான் சொல்லித்தான் சார் நான் பொழச்சேன்" என்றாய். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

என் வாய் வரைக்கும் வந்தது.

"இன்னா மச்சான், ஒரு மாதிரி கீற?" என்று கேட்டாய்.

"ஒண்ணுமில்ல. வெயில்" என்றேன்.

சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். நீ நன்றாகத்தானே இருக்கிறாய், டாக்டர் பொதுவாகச் சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருஷம் திரும்புவதற்குள் உன் துண்டில் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னைத் திட்டினாரே, "யாருய்யா உன்னை நிறுத்தச் சொன்னது?" என்று. நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். நீ ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாய். "நானாத்தான் வுட்டுட்டேன் சார்" என்றாய். மச்சான், அன்றைக்கே உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் பார்த்தாயா?

போன மாதம் டிவியில் மூன்று டாக்டர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். புது மருந்து, புது சோதனை எல்லாம் சொன்னார்கள். நரைத்தவர் ஒருவர் கடைசியில் சொன்னார்: "மருந்துக்குப் பழகின கிருமி, அரைகுறையாச் சாப்பிட்டு விட்டவங்க உடம்புல வளர்றது. அவங்க இருமினா வீட்டுல இருக்கிறவங்களுக்குப் போகும். வருஷக்கணக்கா உள்ளேயே தூங்கிட்டு அப்புறம் எழுந்திரிக்கும்." இந்தத் தடவை கடைசிச் சொல் வரை கேட்டேன்.

உங்கள் வீடு ஒரே அறை. நீ விடாமல் இருமுவாய். இவள் உன் கைக்குள் சுருண்டு படுத்திருப்பாள். அது இத்தனை வருஷம் இவளுக்குள் படுத்திருந்ததா மச்சான்? நான் வளர்த்துவிட்டதா அது?

பேனா நின்றுவிட்டது.

"இன்னாம்மா, எழுதலியா?"

"தெரிஞ்சே சொல்லாம இருந்தீங்களா மாமா?"

"ஆமா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ எழுதி முடிச்சு அம்மாவுக்கும் படிச்சுக் காட்டு. அப்புறம் பத்திரிகைக்கு அனுப்பு. என்னப்போல பாதி கேட்டவன் இன்னும் எத்தன பேரு கீறானோ."

இப்போது மறுபடி எழுதுகிறாள். நான் சொல்வதைத்தான் எழுதுகிறாளா, தன் மனதில் இருப்பதை எழுதுகிறாளா, எனக்குத் தெரியாது. எதை எழுதினாலும் அது எனக்குத் தகும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து உள்ளே போனாள். டம்ளர் சத்தம் கேட்டது. திரும்பி வந்து காலையில் விழுங்காமல் வைத்திருந்த மாத்திரைகளை என் உள்ளங்கையில் கொட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணொண்ணா குடுங்க" என்றாள். கொடுத்தேன். விழுங்கினாள். கடைசி மாத்திரைக்கு இருமினாள். தண்ணீர் புரையேறியதுதான் என்றாள். இதையும் எழுதச் சொன்னேன்.

மச்சான், உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இன்னும் ஒன்றரை வருஷம், ஸ்டாண்டைத் திறப்பதற்கு முன்னால் தினமும் சேலையூருக்கு வந்து, மாத்திரை இவள் தொண்டையில் இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவேன். கஸ்தூரி என் முகத்தில் கதவைச் சாத்தினாலும் தெருவில் நிற்பேன். கடைசி மாத்திரை வரைக்கும் பாதியில் எழுந்து போகமாட்டேன். அதுவரை என்னைக் கூப்பிட்டுக்கொள்ளாதே.

இடது கட்டைவிரல் ரேகை வைத்து,
உன் மச்சான், வசந்தாவின் தாய்மாமன்
முனுசாமி