முன்பக்கத்துக்கு ஆகாத பதினான்கு படங்கள்

ஆவணி, புதன்கிழமை

என் படப்பிடிப்புத் தொழிலுக்கு இணையத்தளம் செய்து தரும் சுகன்யா, நான் எடுத்ததில் திறமான இருபது படங்களைத் தெரிந்தெடுத்துவரச் சொல்லியிருந்தாள். இன்று நல்லூரில் அவளுடைய அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாகத் திறந்தவள் ஐந்தாவதில் நிறுத்தினாள்.

“அண்ணை, உதெல்லாம் செத்தவீட்டுப் படம். முன்பக்கத்திலை போட்டால் ஆர் உங்களைக் கலியாணத்துக்குக் கூப்பிடுவினம்?”

எண்ணிப் பார்த்தோம். பதினான்கு செத்தவீடு. வரமுடியாத வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக எடுத்தவை. தெரிந்தெடுக்கும்போது எனக்கு அது உறைக்கவேயில்லை.

மிச்சம் ஆறும் கலியாணம். “எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கண்ணை,” என்றாள். உண்மைதான். கலியாணவீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். செத்தவீட்டில் என்னை ஒருவரும் பார்ப்பதில்லை. அங்கே மட்டும்தான் எனக்குப் படம் வருகிறது.

பதினான்கையும் அழிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுப் படலையைத் திறக்கும்போது உடுப்பிட்டியிலிருந்து ஒருவர் போன் எடுத்தார்.

“அப்பா மோசம் போயிட்டார். நாளைக்குக் காலமை வருவியளோ? நீங்கள் எடுத்தால்தான் வடிவாயிருக்குமெண்டு கனடாவிலை தம்பி சொல்லுறான்.”

ஓம் என்றேன். ‘நீங்கள் எடுத்தால்தான்’ என்ற சொல்லைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவும் தகப்பனைப் பறிகொடுத்தவரின் வாயிலிருந்து. அதை நினைக்கத்தான் நித்திரை வரவில்லை.