குளிசையும் துடக்கும்

அன்புள்ள தங்கச்சி,

மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் குளிசை, கருப்பையில் மட்டும் ஏன் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்கிறது? விலங்கியல் படித்த எனக்கும் விடை தெரியவில்லை.

மார்புப் புற்றுநோய் திரும்பாதிருக்கத் தமொக்சிபன் என்ற அந்தக் குளிசையைத்தான் எடுக்கிறேன். மாதவிடாய் நின்று இரண்டு வருடத்தின் பின் இன்று இரத்தம் பட்டது. அப்படி நடந்தால் உடனே வரவேண்டும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

"துடக்கு, பிள்ளை. மூண்டு நாள் ஒண்டையும் தொடாமல் இரு," என்றார் மாமி.

"இது குளிசையின்ரை வேலை, மாமி."

"குளிசைக்கும் துடக்கு வருமோ?"

சிரித்தேன். டொக்டரிடம் போகப் பயந்த எனக்கும் மூன்று நாள் காத்திருப்பது வசதியாகத்தான் தெரிந்தது.

மறுநாள்: உடனே வரவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்ததை நான் சொன்னதும் மாமியே ஓட்டோ பிடித்தார். ஸ்கானில் கருப்பையின் உட்சுவர் தடித்திருந்தது. பரிசோதனைக்குச் சிறு துண்டு எடுத்தார்கள். முடிவு வர இரண்டு கிழமையாகும். அங்கே என் கையை விடாமல் பிடித்திருந்த மாமி, வீட்டுக்கு வந்ததும் துடக்குக் கழியத் தலை முழுகினார்.

உன் அக்கா