நான் வெட்டிய ஸ்டிக்கர்

நேற்று மாலை என் மகள் தர்ஷினியின் போனில் உன் முகத்தைப் பார்த்தேன். சமையல் மேடையில் சார்ஜுக்குப் போட்டிருந்தாள். விடாமல் சத்தம் வந்ததால் யாரோ என்று எடுத்துப் பார்த்தேன். அவளுடைய ஒன்பதாம் வகுப்பு வாட்ஸ்அப் குழு. கையில் பாதி மத்தூர் வடையோடு, வாயை ஆவென்று பிளந்துகொண்டு நீ. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "பேய்க்குப் பசிக்குதாம், வடை போடுங்க."

நீ காய்ச்சலில் போய் ஐந்து மாதம் ஆகிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். உன் மகள் காவ்யா அறிவியல் நோட்டு கேட்டிருக்கிறாள். உடனே உன் படம். நாளைக்கு ஸ்கூல் உண்டா என்று கேட்டிருக்கிறாள். மறுபடியும் உன் படம். மூன்று வாரத்துக்கு முன் அவள் கடைசியாக எழுதியது, "ப்ளீஸ், எங்கம்மா வேணாம்." அதற்குப் பதிலாக ஏழு பேர் வரிசையாக உன்னையே அனுப்பியிருந்தார்கள். அப்புறம் அவள் எதுவும் எழுதவில்லை. அவர்கள்தான் நிறுத்தவில்லை.

அந்த ஸ்டிக்கரைச் செய்தவள் நான். உனக்குத் தெரியாததா? நாம் வேலைக்குப் போகும் கார்மென்ட்ஸ் வேன் அல்சூர் சிக்னலில் நின்றபோது எடுத்த போட்டோ. விரலால் உன்னைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி, வேன் குழுவில் போட்டேன். கோபித்துக்கொள்வாய் என்று பார்த்தால், "இன்னாடி, என் வாய்க்குள்ள வேனே பூந்துடும் போலக்குது!" என்று சிரித்தாய். அன்றிலிருந்து குட் மார்னிங்குக்குக்கூட அதுதான். செக்கிங் டேபிளில் சூப்பர்வைசர் என்னைத் திட்டிவிட்டுப் போனால், எதிர் ஸ்டூலிலிருந்து அதையே அனுப்புவாய். எங்கள் வீட்டுக் குழுவிலும் நான்தான் போட்டேன். யார் வேண்டுமானாலும் எடுத்துவைத்துக்கொண்டு யாருக்கும் அனுப்பலாம் என்பது எனக்குத் தெரியாததில்லை. அதைப் பற்றி யோசிக்கவே இல்லை, அவ்வளவுதான்.

தர்ஷினியைக் கூப்பிட்டேன். "இது எப்படிடி உங்க க்ளாஸுக்குப் போச்சு?"

"நான்தாம்மா போட்டேன். போன வருஷம். காமெடியாக்குதேன்னு." தலையைக் குனிந்துகொண்டாள். "அப்ப ஆன்ட்டி இருந்தாங்கம்மா."

"இப்ப இவனுங்க போடறப்ப ஏன் வாய மூடிக்கினு இருந்த?"

"ஏதாவது சொன்னா என் மூஞ்சிய ஸ்டிக்கர் பண்ணுவாங்கம்மா."

அறையக் கை ஓங்கிவிட்டேன். முதல் அறை யாருக்கு விழ வேண்டும் என்று நினைத்ததும் கை தானாக இறங்கிவிட்டது.

எல்லாவற்றையும் அழித்துத் தொலை என்று கத்தினேன். "அழிச்சா நம்ம போன்லதாம்மா போவும். அப்படியே படம் புடிச்சு மிஸ்கிட்ட காட்டணும்," என்று அழுதுகொண்டே சொன்னாள். ஒவ்வொன்றாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்தோம். இன்று காலை லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய், முதலில் யார் போட்டது என்பதையும் மறைக்காமல் க்ளாஸ் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் பெற்றோர்களைக் கூப்பிட்டிருக்கிறார், குழுவையும் மூட வைத்துவிட்டார். ஆனால் அத்தனை போன்களுக்குள்ளும் நீ இன்னும் வடையோடு உட்கார்ந்திருக்கிறாய். அதை மூட யாராலும் முடியாதாம்.

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். ஞாயிறு தவறாமல் போகிறவள்தான். காவ்யாவுக்கு அடிக்கடி வயிற்றுவலி, ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்கிறாள் என்று உன் வீட்டுக்காரர் போன வாரம் சொன்னபோது ஓமத் தண்ணி கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு இருக்கும் புத்தி அவ்வளவுதான்.

இன்றும் சுருண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஸ்டிக்கரைச் செய்தது நான், வகுப்பில் போட்டது என் மகள்.

"தெரியும் ஆன்ட்டி. நீங்க பண்ணதுன்னு அம்மா எல்லாருக்கும் காட்டுவாங்களே."

"அப்ப என்கிட்ட ஏன் கண்ணு சொல்லல? வாராவாரம் வர்றேனே?"

போர்வையில் பிரிந்த நூலை இழுத்துக்கொண்டே இருந்தாள். "சொன்னா நீங்க வருத்தப்பட்டு, வர்றதையே நிறுத்திடுவீங்கன்னு. அம்மா போனப்புறம் நீங்க வந்தாதான் எங்க வீட்ல சிரிப்பு."

பதினான்கு வயதுப் பிள்ளையடி! நான் வந்து உளறிச் சிரிக்கும் ஒரு மணி நேரத்துக்காக இத்தனையையும் தனியாகத் தாங்கியிருக்கிறாள். நீ போனபோது வாய்விட்டு அழுதேன். இதைக் கேட்டு அழுகைகூட வரவில்லை. எங்கே போனாலும் அவள் சொன்னது கூடவே வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை தர்ஷினியைக் கூட்டிவந்து மன்னிப்புக் கேட்க வைக்கட்டுமா என்று கேட்டேன். காவ்யா அந்தப் போர்வை நூலை அறுத்தாள்.

"நீங்க மட்டும் வாங்க ஆன்ட்டி," என்றாள்.