தலைமாட்டு மணிக்கு நான் வைத்த பேட்டரி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு இருக்கிறோம், அந்த அளவில் நலம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று தெரிந்தால் போதும், எங்களுக்கு வேறொன்றும் வேண்டாம். போன் கையிலேயே இருக்க இந்த மனுஷனுக்குக் கடிதம் எழுதுகிற பைத்தியம் எப்போது பிடித்தது என்று நீ சிரிப்பாய். போனில் சொல்லத்தான் பார்த்தேன் பாப்பா, வாயெடுத்த தடவையெல்லாம் அங்கே மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் ஊர் மழையைப் பற்றி எனக்கு ஏன் இவ்வளவு கவலை என்று நீயும் யோசித்திருப்பாய். இன்று லீவு போட்டுவிட்டு அடுப்படி மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன், உன் அம்மா உள்ளே படுத்திருக்கிறாள், காலில் மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை, டாக்டர் எலும்பு நன்றாகக் கூடி வருகிறது என்றார், அந்த மட்டும் நிம்மதி. குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்ணுகிறவன் வீட்டில் குழாய்க்கு ஒரு வாஷர் போட நாதியில்லை என்று உன் அம்மா தினமும் அர்ச்சனை பண்ணுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ போன தடவை வந்தபோது உன் கையாலேயே செய்து அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாயே ஒரு பெட்டி, பொத்தானை அழுத்தினால் கீழே தையல்காரம்மா கடையில் மணி அடித்து அவர் மேலே ஓடி வருவாரே, அதைப் பற்றித்தான். நான் வேலைக்குப் போனால் பகலெல்லாம் அவளுக்கு அந்தப் பொத்தான்தான் கை கால் எல்லாம். பகலில் கரண்ட் போனால் பெட்டியும் படுத்துவிடுகிறது என்று சொன்னதும் நீ அங்கிருந்தே போனில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். ரீசார்ஜ் பண்ணுகிற பேட்டரி ஒன்று, அதை சார்ஜ் பண்ண விரல் அகலத்தில் ஒரு போர்டு, பேட்டரி கரண்டைப் பெட்டிக்கு வேண்டிய ஐந்து வோல்ட்டுக்கு ஏற்றிக் கொடுக்க இன்னொரு போர்டு, அவ்வளவுதான்ப்பா என்றாய். கடைசியில், கரண்ட் உள்ளே வருதான்னு தெரிய ஒரு பச்சை லைட் மட்டும் மறக்காம வைங்கப்பா என்றாய். நான் என்ன சொன்னேன் ஞாபகமிருக்கிறதா, இது என்ன பொருட்காட்சியா கலர் கலரா லைட் போட, பதினாலு மாடி லிஃப்டைத் தூக்கி நிறுத்துறவன்டி நான், எனக்கு அஞ்சு வோல்ட்டு பாடம் எடுக்காதே என்றேன். நீ சிரித்தாய். என் மண்டைக்கனம் அன்றைக்கு உனக்கு வேடிக்கையாக இருந்தது.

பேட்டரி வேலையை நன்றாகத்தான் செய்தேன், அதில் குறை சொல்ல முடியாது. சால்டர் பண்ணிப் பற்றவைத்த ஈயம் ஒவ்வொன்றும் முத்து முத்தாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கி அழுத்திப் பார்த்தேன், தையல்காரம்மா கையில் கத்தரிக்கோலோடு ஓடி வந்து, சும்மாத்தான் அடிச்சீங்களா, பாதி ரவிக்கையை விட்டுட்டு வந்தேன் என்று சத்தம் போட்டார். எனக்கு ஒரே பெருமை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஃபிரிட்ஜ் பிளக்கிலிருந்து நீ இழுத்துவிட்டிருந்த வயர் காலில் தட்டுகிறது, பார்க்க அசிங்கமாகவும் இருக்கிறது என்று அதைச் சுருட்டி எடுத்துவிட்டு, கதவோரம் நான் போன் சார்ஜ் போடுகிற இடத்துக்குப் பக்கத்து பிளக்கில் பெட்டியை மாட்டினேன். என் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே. வேலைக்குக் கிளம்பும்போது போனைப் பிடுங்கிக்கொண்டு, உள்ளங்கையால் ஒரே தட்டு, இரண்டு ஸ்விட்சும் அணையும். சாயங்காலம் வந்து என் போனுக்கு உண்டான ஸ்விட்சை மட்டும் போடுவேன். சின்ன வயதில் ஒரு ஸ்விட்சை அணைக்க மறந்தாலும் உன்னை எப்படிக் கத்துவேன், அந்த ஆள்தான் நான்.

ஆக, பெட்டிக்கு வெளியிலிருந்து பொட்டுக் கரண்ட்கூடப் போகவில்லை. பேட்டரி பாவம், தன்னிடம் இருந்ததை வைத்தே நாள் கணக்கில் தாக்குப்பிடித்தது. மணி அடிக்க அடிக்க நான், பார்த்தியா என் கைவேலையை என்று உன் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். பேட்டரி வேலை செய்ததுதான் கோளாறை மறைத்தது. வெறும் பெட்டியாக இருந்திருந்தால் ஸ்விட்சை அணைத்த முதல் நாளே தெரிந்திருக்கும். நீ சொன்ன பச்சை லைட் இருந்திருந்தால் என் கண்ணிலாவது, அவள் கண்ணிலாவது பட்டிருக்கும்.

பேட்டரி தீர்ந்துபோன அன்றைக்கு நடந்ததை உன் அம்மா உன்னிடம் முழுக்கச் சொல்லவில்லை. மணி அடிக்கலை, பரவாயில்லை, சமாளிச்சுக்கிட்டேன் என்று மட்டும் சொன்னாள். சமாளிக்கவில்லை, பாப்பா. பாத்ரூம் போக வேண்டியிருந்திருக்கிறது. அழுத்தியிருக்கிறாள், அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள், யாரும் வரவில்லை. ஜன்னல் வழியாகக் கத்திக் கூப்பிட, கீழே கடையில் யார் யார் நிற்கிறார்களோ என்று கூச்சம். நான் சாயங்காலம் வரும்போது நனைந்த படுக்கையிலேயே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். துணி மாற்றிவிடும்போது என் முகத்தையே பார்க்கவில்லை, தப்புப் பண்ணிவிட்ட குழந்தை மாதிரி, மன்னிச்சுக்குங்க என்றாள் என்னிடம். என்னிடம்! அதைக் கேட்ட ஆத்திரத்தில் உனக்குப் போன் போட்டேன். உன் பெட்டி காலை வாரிவிட்டுடுச்சு, பெரிசா இன்ஜினியராம் என்றேன். நீ, பச்சை லைட் எரிஞ்சுதாப்பா என்று மட்டும் கேட்டாய். எல்லாம் எரிஞ்சுது, உன் பெட்டியிலதான் கோளாறு என்றேன். இல்லாத லைட்டை எரிந்தது என்று சொன்ன வாய் இது. இந்த வரியை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலை கிளம்பும்போது என் கை தானாகப் போய் இரண்டு ஸ்விட்சையும் டக்கென்று தட்டியதே, அப்போதுதான் புரிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். உன் அம்மா கண்ணை மூடியிருந்தாள், பெட்டியின் ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் திருடன் மாதிரி இறங்கிப் போனேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. மாதா மாதம் ஒவ்வொரு லிஃப்டிலும் மெயினை அணைத்துவிட்டு ஆபத்து மணியை அழுத்திப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான், இதை வெளியே சொன்னால் கூட வேலை செய்கிறவர்கள் காறித் துப்புவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. பார்த்தாயா, அப்போதும் என் மானம்தான் எனக்குப் பெரிசு. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், சால்டரிங் அயர்னையெல்லாம் ரூமில் கூட இருக்கிற பெண்ணுக்குக் கொடுத்துட்டேன்ப்பா, எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது என்றாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டு வைத்தேன். என்னை மாதிரி ஒரு அப்பன் இருப்பானா.

எல்லாம் சரியாகிவிட்டது, காலப்போக்கில் மறந்துபோகும் என்று இருந்தேன். வயரைப் பழையபடி ஃபிரிட்ஜ் பிளக்குக்கே மாற்றினேன், பச்சை லைட்டும் வைத்தேன். ஆனால் சாயங்காலம் வந்து பார்த்தால் தலைமாட்டில் வைத்த தண்ணீர்ச் சொம்பு நான் நிரப்பி வைத்தபடியே இருக்கிறது. கேட்டால் தாகமில்லை என்கிறாள். உதடு வெடித்துக் கிடக்கிறது. நீர் கடுக்கிறது என்று டாக்டரிடம் சொல்லி அவரிடமும் திட்டு வாங்கினாள். தையல்காரம்மாதான் மாடிப்படியில் என்னை நிறுத்தி, அந்தச் சம்பவத்துக்கப்புறம் அக்கா மணியே அடிக்கிறதில்லைங்க, நானா மேலே வந்து கேட்டாலும் ஒண்ணும் வேணாம்னு சொல்லிடறாங்க என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணி அடிக்குமோ அடிக்காதோ என்ற பயத்தில், தேவையே வராதபடி நான் திரும்பி வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கிறாள்.

நேற்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்விட்ச், பச்சை லைட், உன்னிடம் சொன்ன பொய் எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கிட்ட சொல்லி என்ன பண்ண, அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுங்க, அது தான்தான் காரணம்னு மருகிக்கிட்டு இருக்கு என்றாள். அவளுக்கும் இவ்வளவு நாள் அது உன் குறை என்றுதான் நினைப்பு, அப்படியும் உன்னை ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்கவில்லை. இப்பத்தான் சரியாயிடுச்சே, தண்ணி குடியேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். பார்க்கலாம் என்றாள். இன்று நான் வீட்டில் இருக்கிறேன், குடிக்கிறாள். நாளைக்குக் குடிக்கமாட்டாள்.

அதனால்தான் பாப்பா, இதை எழுதுகிறேன். உன் பெட்டிக்கு ஒரு நாளும் ஒன்றும் ஆகவில்லை. உன் கைக்கும் ஒன்றும் ஆகவில்லை, அந்தப் பெண்ணிடம் போய் உன் சாமானைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை, அதற்கு எனக்கு முகமில்லை. எத்தனை உயரம் போனாலும் நல்ல பேரோடு இரு, நூறு வயசு நன்றாக இரு. ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இது கையில் கிடைத்ததும் நான் வேலைக்குப் போயிருக்கிற பகல் நேரமாகப் பார்த்து அம்மாவுக்குப் போன் பண்ணு. நீ லைனில் இருக்கும்போதே அவளை அந்தப் பொத்தானை அழுத்தச் சொல், தையல்காரம்மா வந்து நிற்கிற வரைக்கும் வைத்துவிடாதே. அப்பா சரி பண்ணிட்டார் என்று சொல்லாதே, அதை அவள் நம்பமாட்டாள். இது நான் செஞ்சதும்மா, அடிக்கும் என்று சொல். நீ சொன்னால் தண்ணீர் குடிப்பாள்.

இப்படிக்கு,
தலை நிமிராமல் எழுதும்
உன் அப்பா