முதலில் உங்கள் காதுக்கு

கல்முனை,
வியாழன் பின்னேரம்.

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம். கத்தார் வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். கையில் போன் இருக்க இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டு வாசியுங்கள். லீவில் வந்த நம் பக்கத்து வீட்டு நிஸாம் காக்கா நாளை டோஹாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில்தான் கொடுத்துவிடுகிறேன்.

கொஞ்ச நாளாகப் போனில் நான் “ஓம், சரி, சாப்பிட்டன்” என்று மட்டும் கதைப்பதாகக் கோபிக்கிறீர்கள். கடைசியாக, “என்னில ஏதும் வெறுப்பா முஸ்பிறா?” என்று கேட்டீர்களே, அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வெறுப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. காரணத்தைப் போனில் சொல்ல முடியாமல் இருந்தேன்.

போன மாதம் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். எந்தக் கந்தோர், என்ன உத்தியோகம் என்று சொல்லவில்லை. கந்தூரிச் சாப்பாட்டுக்காக எங்கள் குடிச் சொந்தக்காரருக்கு நீங்கள் தொடங்கித் தந்த வட்ஸ்அப் குழுவில் நாங்கள் போட்டதெல்லாம் அவர்களிடம் இருந்தது, ஆட்டிறைச்சி காணாது என்று உம்மா புறுபுறுத்த குரல் பதிவு உட்பட. குடி என்பது என்ன இயக்கம், யார் தலைவர், ஆட்களைச் சேர்ப்பது யார் என்று கேட்டார்கள். உம்மாவைத் தெரியும்தானே. “குடி உம்மாட வழியால வாறது தம்பி. நாங்க பெத்துத்தான் ஆள் சேர்க்கிற” என்று சொல்லிவிட்டார். ஒருவருக்குச் சிரிப்பு வந்தது. மற்றவர் சிரிக்கவில்லை. அப்படியென்றால் வேறு குடியில் பிறந்த மருமகன் ஏன் கத்தாரில் இருந்து இதை நடத்துகிறார் என்று கேட்டார். போன் விஷயம் தெரிந்தவர் வீட்டில் அவர் ஒருவர்தான் என்றேன். நம்பினாரோ தெரியாது. நீங்கள் எப்போது ஊருக்கு வருவீர்கள் என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து போனை எடுத்தால் நமக்கு நடுவில் யாரோ கதிரை போட்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. கேட்கிறார்களா இல்லையா, அதுகூடத் தெரியாது. நாம் களவெடுத்தோமா, யார் குடியையும் கெடுத்தோமா? கட்டின புருஷனோடு கதைக்க நான் ஏன் பயப்பட வேண்டும் என்று ஆத்திரம் வருகிறது. பிறகு, விமான நிலையத்தில் உங்களை மறித்தால் என்ன செய்வேன் என்று அடங்கிவிடுகிறேன். குழுவை அழிக்கும்படி உங்கள் தங்கச்சி றுக்ஸானா சொல்கிறாள். வேண்டாம். அழித்தால் ஏன் அழித்தாய் என்று வருவார்கள். சட்டத்தரணி சாரதாதேவியிடம் போய்க் கேட்டேன். பிழை ஒன்றும் இல்லை, புருஷன் வரும் திகதியை மட்டும் எனக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள், விசாரணைக்குக் கூப்பிட்டால் நானும் கூட வருவேன் என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் லீவில் வந்து போனதிலிருந்து நான் முழுகாமல் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் பார்த்து உறுதியாகச் சொல்லிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். எத்தனை முறை வாய் வரைக்கும் வந்தது தெரியுமா! நம் பிள்ளையின் செய்தியை அதன் வாப்பாவுக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒருவன் கேட்க எனக்கு மனம் வரவில்லை. எங்கட இயக்கத்துக்குப் புது ஆள் சேர்ந்தாச்சு என்று உம்மா பகிடி பண்ணுகிறார்.

வருவதா விடுவதா என்று யோசிப்பீர்கள். எனக்கும் பயம்தான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பிறந்த பிள்ளையின் காதில் முதலில் விழ வேண்டியது அதன் வாப்பா அல்லாஹு அக்பர் என்று தொடங்கிச் சொல்லும் பாங்கு. போனில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வந்து சொல்லுங்கள் மச்சான். யாரும் மறிக்காமல் அல்லாஹ் உங்களை வாசல் வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
முஸ்பிறா