லாரி ஏன் அலைகிறது

நீலாம்பாள் அப்பாவுக்கு,

சோறும் நாப்பி மீன் விழுதுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். என் மேல் உள்ள கோபத்தில் சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்சீன் பக்கம் காட்டு வழியில் நீங்கள் மரம் ஏற்றி வந்த நாளிலிருந்து லாரி ரோட்டில் நேராகப் போகாமல் அலைகிறது. "பொம்பளை ஏறி டிரைவர் சீட்டுல உக்காந்தா இப்படித்தான் ஆகும்" என்று நேற்று எல்லோர் முன்னாலும் என்னைச் சொன்னீர்கள். எலுமிச்சம்பழம் வேறு சுற்றிப் போட்டீர்கள். அதற்கப்புறம் நேராகப் போனதா?

இன்று காலை துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்து, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே அளந்தேன். அந்தச் சக்கரங்களின் பின்விளிம்பைவிட முன்விளிம்பில் இடைவெளி மூன்று விரற்கடை அதிகம். குனிந்து பார்த்தால், இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற கம்பி வில்லாக வளைந்திருக்கிறது. காட்டு மரத்தின் அடிக்கட்டைப் பட்டை இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டைமேல் லாரியை ஏற்றியது நானா?

கொல்லரை அழைத்துவரத் தாமுவே பேட்டைக்குப் போகிறேன்.

மங்கலம்

சொல்ல மறந்துவிட்டேன்: அளக்கும்போது ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ள, உங்கள் மகளை உங்கள் சீட்டில்தான் உட்காரவைத்தேன்.

இன்னொன்று: லாரிக்கு முன்னால் செருகிச் சுற்றி இன்ஜினைக் கிளப்புகிற ஹேண்டிலைத் தேட வேண்டாம். அது என் பையில் இருக்கிறது.