பாய்மரத்தில் நான் துடைத்த எழுத்து

அண்ணே,

காலையில் பக்கத்து வீட்டுக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவன் தின்னர் டப்பாவைத் திறந்தான். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. உங்கள் மேலும்தான். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

ஓசூர் ஷெட்டில் நாம் பஸ் பாடிக்கு அலுமினியம் பற்றவைத்துக்கொண்டிருந்த காலம். நடுக்கடலுக்குப் போகும் படகின் பாய்மரம் ஒன்று நீள லாரியில் வந்து இறங்கியது. உள்ளே கூடாக இருக்கும் அலுமினியக் கம்பம். ஆள் உயரத்தில் சுற்றி விரிசல். நீங்கள் தட்டிப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் போனீர்கள்.

"வெறும் வெல்டு நிக்காது சார். சூடு பட்ட எடம் இளகிப்போவும். உள்ள இன்னொரு குழாய் சொருகி ரிவிட் அடிக்கணும். நாலு நாள் குடுங்க."

"ஓசூர்ல ஏதுய்யா கடல்? வெல்டு வெச்சு, பட்டி பூசி, பெயிண்ட அடிச்சு ஏத்து."

"கடல் இங்க இல்ல சார். அதுல போறவன் இருக்கான்ல?"

நீங்கள் அதைத் தொடவில்லை. வேறொருவனை வைத்து ஒட்டினார்கள். லாரி கிளம்பும் முன் மார்க்கரை எடுத்து அதன்மேல் பெரிதாக ஏதோ எழுதினீர்கள். மேனேஜர் தின்னர் துணியை என்னிடம் நீட்டினார். படிக்கத் தெரியாத நான் துடைத்தேன்.

லாரி போன பிறகு கேட்டேன்: "என்னாண்ணே எழுதினீங்க?"

"போற ஊரு பேருடா."

கடலில் பாய்மரம் ஒட்டிய அதே இடத்தில் முறிந்தது. படகில் இருந்த ஒருவருக்குத் தோள் எலும்பு நொறுங்கியது. "தப்புன்னு தெரிஞ்ச மேஸ்திரி, படகுக்காரனுக்கு ஒரு வார்த்த சொல்லலியே" என்று அத்தனை பேர் முன்னால் கூசாமல் கேட்டார் மேனேஜர். துணியைக் கொடுத்த அதே ஆள்! நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். கேட்டைத் தாண்டிப் போனீர்கள்; அப்புறம் வேலைக்குத் திரும்பவே இல்லை.

அந்த எழுத்து படம் போல என் மனதில் இருக்கிறது. இப்போது தரையில் கரிக்கட்டியால் போட்டுக் காட்டினேன். மருமகள் படித்தாள்: "கடலுக்கு ஆகாது."

ஏன் அண்ணே சொல்லவில்லை? "நீதான்டா அழிச்சே" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே ஒத்துக்கொண்டிருப்பேனே. என் வேலையைக் காப்பாற்றச் சொல்லி நான் கேட்டேனா?

அப்பா தெரிந்தே வாயை மூடிக்கொண்டார் என்றுதான் உங்கள் மகன் இன்னமும் நினைக்கிறான். அவன் இருக்கும் தேன்கனிக்கோட்டைக்குப் பஸ் ஏறக் கிளம்பிவிட்டேன். அழித்தவன் நான் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவன் கத்தட்டும். நீங்கள் திட்டாமல் விட்ட திட்டைத்தான் இத்தனை வருஷமாகச் சுமந்திருக்கிறேன்.